நார்வேக் கோடாரியும் ஒச்சப்பன் மீசையும்

கள்ளிநத்தம் என்று ஓர் ஊர். வைகைக்குத் தெற்கே இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டாம். போனவர் யாரும் புத்தி கூடித் திரும்பியதில்லை.

அந்த ஊரில் ஒரு இரும்புப் பட்டறை. பட்டறையில் மூன்று பேர். தலைவன் ஒச்சப்பன், மீசைக்காரன். அடுத்தவன் மொக்கையன். எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லுவான். மூன்றாமவன் தவசி. கேள்வி கேட்பான். கேள்வி நல்ல கேள்வியாகத்தான் இருக்கும். ஆனால் என்ன பதில் சொன்னாலும் நம்பிவிடுவான். மூன்று பேரையும் சேர்த்துக் கட்டி உலுக்கினாலும் ஒரு ஆளுக்கான மூளை உதிராது.

இவர்கள் செய்வது ஒரே சாமான். கருப்பர் கோயிலுக்கு நேர்த்திக்கடன் அரிவாள். வேண்டிக்கொண்டவர்கள் பனையோலையிலோ காகிதத்திலோ ஒரு சாண் நீளத்துக்கு அரிவாள் வெட்டிக் கொண்டுவருவார்கள். அதுதான் மாதிரி. அதைப் பார்த்துப் பட்டறையில் ஆள் உயரத்துக்கு அடிப்பார்கள். இரண்டு சாண் ஓலை வந்தால் இரண்டு ஆள் உயரம். சாணுக்கு ஓர் ஆள். அதுதான் பட்டறைக் கணக்கு. ஆள் என்றால் மொக்கையன். இரும்புக்குப் பக்கத்தில் அவனைப் படுக்கவைத்துச் சாக்கட்டியால் கோடு போடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய அரிவாள் முடிந்ததும் மாதிரியை உலையில் போட்டுவிட வேண்டும். மாதிரி மிஞ்சினால் கருப்பருக்கு ஆகாதாம். ஓலைதானே, எரிந்தால் எரிகிறது. யாரும் கேட்டதில்லை.

மனுசன் கையில் பிடிக்கிற சாமான் எதையும் அந்தப் பட்டறை செய்ததில்லை. ஒச்சப்பன் வீட்டில் வெங்காயம் நறுக்கும் அரிவாள்மனைகூடப் பக்கத்து ஊரில் வாங்கியது. இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை சொல்ல மாட்டேன்.

ஒருநாள் காலை பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் யோகராசா. யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக நார்வேயில் குடியிருப்பு, அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் வேலை. கோயில் பார்க்க வந்த இடத்தில், கருப்பர் முன்னால் வரிசையாக நட்டிருந்த அரிவாள்களைக் கண்டு வாயைப் பிளந்திருக்கிறார். இவ்வளவு பெரிதாகச் செய்கிறவர்களுக்குச் சின்னது செய்வது எவ்வளவு சுலபம் என்று நினைத்துவிட்டார். படித்தவர். படித்தவர்கள் இப்படித்தான் ஏமாறுவார்கள்.

பையிலிருந்து ஒரு கோடாரியை எடுத்தார். நாலு சாண் காம்பு. ஒரு சாண் வாய். வெற்றிலை போல மெல்லிய இரும்பு. காம்பில் நூல் கட்டி, பதினேழு என்று எண் எழுதிய ஒரு அட்டை தொங்கியது.

“இது வைக்கிங் கோடாலி” என்றார்.

“வைக்கிங்குங்கிறது யாருங்கய்யா?” என்றான் தவசி. நல்ல கேள்வி.

“ஆயிரம் வருசத்துக்கு முந்தி நார்வேப் பக்கம் இருந்த ஆக்கள். கப்பலில போய் ஊர் ஊரா அடிச்சுப் பறிச்சவங்கள். மண்ணுக்குள்ள கிடந்த கோடாலி ஒண்டை அளந்து, மூண்டு வருசம் ஆராய்ஞ்சு எங்கட ஆக்கள் செய்த நகல் இது. அச்சொட்டா இதை மாதிரி ஒண்டு செய்து காட்டுங்கோ. சரியா வந்தா இன்னும் நூறு வேணும். அளவெல்லாம் இந்தக் கடதாசியில இருக்கு.”

ஒச்சப்பன் காகிதத்தைப் பயபக்தியோடு வாங்கிச் சுவரில் ஒட்டினான். தலைகீழாக.

“ஒண்டும் கூட்டாதேங்கோ. ஒண்டும் குறைக்காதேங்கோ. மாதிரியைக் கவனமா வைச்சிருங்கோ. ஒருத்தற்ர கையிலயும் குடுத்துப் போடாதேங்கோ.”

“உசுரே போனாலும் ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டோம்ங்கய்யா” என்று மூன்று பேரும் உலையைத் தொட்டுச் சொன்னார்கள். ரெண்டு மாசத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்புவதற்குள் விவாதம் ஆரம்பித்துவிட்டது.

“அண்ணே, மாதிரி நாலு சாண் இருக்கே?” என்றான் தவசி.

“அப்ப நாலு ஆளு” என்றான் ஒச்சப்பன்.

“நாலு ஆளு உசரக் கோடாரியை யாருண்ணே தூக்குவா?”

மொக்கையன் சிரித்தான். “டேய், நம்ம அடிக்கிற அரிவாளை யாருடா தூக்குறா?”

“கருப்பர்.”

“நார்வேல ஒரு சாமி இருக்க மாட்டாரா? நம்ம சாமிக்கு அரிவாள். அவுக சாமிக்குக் கோடாரி. அம்புட்டுதான்.”

“ஆனா அவரு மனுசங்க வச்சிருந்ததுன்னுல்ல சொன்னாரு?”

“வச்சிருந்தாகன்னுதான் சொன்னாரு. தூக்குனாகன்னு சொன்னாரா?”

தவசி யோசித்தான். சொல்லவில்லைதான். சமாதானமானான்.

மொக்கையனைத் தரையில் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு. “நாலு தடவை படு” என்றான் ஒச்சப்பன். மொக்கையன் எழுந்தான். பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அதே இடத்தில் படுத்தான். தவசி அதே கோட்டின்மேல் கோடு போட்டான். இப்படி நாலு தடவை.

ஒச்சப்பன் தள்ளி நின்று பார்த்தான். “என்னடா இது, கோடாரி ஒரு ஆளுக்கு மேல வளர மாட்டேங்குது?”

“மொக்கையன் ஒழுங்காப் படுக்கலையோ என்னமோ” என்றான் தவசி.

“யாரு நானா? கண்ணை மூடிப் படுத்தேண்டா. கடைசித் தடவை குறட்டைகூட விட்டேன்.”

கஞ்சி கொண்டுவந்த ஒச்சப்பன் பெண்சாதி பேச்சி, வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். “கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் தலையை வச்சுப் படுடா மூதேவி” என்றாள். காரியம் ஆயிற்று. அந்த வீட்டில் மூளை உள்ளவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அவளைப் பட்டறைக்குள் விடுவதில்லை.

காம்புக்கு ஒரு முழுப் பனைமரம். வாய்க்கு, பழைய லாரியிலிருந்து கழற்றிய இரும்பு. ஒன்றரை மாதம் அடித்தார்கள். வெயில் என்று பார்க்கவில்லை, மழை என்று பார்க்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். முட்டாள் சோம்பேறியாகவும் இருந்தால் உலகத்துக்குப் பாதித் தொல்லை குறையும். இவர்கள் சுறுசுறுப்பானவர்கள்.

ஒண்டும் கூட்டாதே, ஒண்டும் குறைக்காதே என்று சொல்லியிருந்தார் அல்லவா? மாதிரியின் வாயில், எப்போதோ கல்லில் பட்டு இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பல் போயிருந்தது. மூன்று பேரும் பெரிய கோடாரியின் வாயை ஒழுங்காக அடித்து முடித்தார்கள். பிறகு கேஸ் வைத்து அறுத்து அதில் ஒரு பல்லை எடுத்தார்கள். பல் போன பள்ளம் வாகாக இருந்ததால் பேச்சியின் ஆட்டுக்குட்டி அதில் ஏறிப் படுத்துக்கொண்டது. “குட்டி கூட்டுனதுல சேருமாண்ணே?” என்றான் தவசி. அன்றிலிருந்து தினமும் முதல் வேலை குட்டியை இறக்கிவிடுவது.

மாதிரியின் வாய் நகத்தின் கனம். குழந்தைகள் தொட்டுப் பார்ப்பதற்காகக் கூர் வைக்காமல் விட்டது. அதனால் பெரிய கோடாரியின் வாய் செங்கல் கனம். நூலுக்குப் பதில் கிணற்று வடக்கயிறு கட்டினார்கள். அட்டைக்குப் பதில் கதவளவு தகரம். தகரத்தில் தாரால் பதினேழு என்று எழுதினார்கள்.

“பதினேழுன்னா என்னண்ணே?” என்றான் தவசி.

“தூக்குறதுக்கு எத்தனை பேரு வேணும்கிற கணக்கு” என்றான் மொக்கையன்.

ஊரிலிருந்து பதினேழு பேரைக் கூட்டிவந்து தூக்கச் சொன்னார்கள். பனைமரம் ஒரு பக்கம் முழங்கால் உயரம் எழும்பியது. இரும்பு அசையவில்லை. இரண்டு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மொக்கையன் கலங்கவில்லை. “நார்வேல பதினேழுன்னா நம்மூருக்கு நாப்பது வரும். தண்ணி அப்புடி” என்றான்.

கடைசியாக வழக்கம். மாதிரியை உலையில் போட வேண்டும்.

“இது இரும்பா இருக்கேண்ணே. ஓலை மாதிரி எரியுமா?”

“ஒருநாள் போட்டா எரியாது. மூணு நாள் போடு” என்றான் மொக்கையன்.

காம்பு அப்போதே சாம்பல். இரும்பு நாலாம் நாள் வெளியே வந்தபோது கோடாரியாக இல்லை. காய்ந்த சாணி மாதிரி ஒன்று கிடந்தது. மூன்று வருட ஆராய்ச்சி. குப்பையில் எறிந்துவிட்டுக் கை கழுவினார்கள்.

அந்த வாரம்தான் கூத்தன் வந்தான். பேச்சியின் தம்பி, பக்கத்து மேலப்புதூர்க்காரன். அவனும் பட்டறை வைத்திருக்கிறான். மண்வெட்டி, கடப்பாரை, கோடாரி. மனுசன் பிடிக்கிற சாமான். அக்காவுக்குப் பீர்க்கங்காய் கொண்டுவந்தவன், வாசலில் கிடந்ததைப் பார்த்துக் காயைக் கீழே போட்டுவிட்டான்.

“மச்சான், பாலம் எந்த ஆத்துக்கு?”

“பாலம் இல்ல மாப்ளே, கோடாரி. நார்வேக்குப் போகுது.”

“எதுக்கு? மரம் வெட்டவா, மலை வெட்டவா?”

“மனுசங்க சண்டை போட்டது மாப்ளே. வரலாறு. உனக்குப் புரியாது.”

“இதைத் தூக்கிச் சண்டை போட்டவன் இன்னைக்கும் அதே எடத்துலதான் நிப்பான், தூக்கிக்கிட்டே. அந்த ஆளு வந்து இதைப் பாத்தா வேணாம்னு ஓடுவாரு மச்சான்.”

ஒச்சப்பன் மீசையை முறுக்கினான். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனைக்கு முனை சரியாக ஒரு சாண். அது வெறும் மயிர் இல்லை. ஆடிப் படையலன்று மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் கருப்பர் கையில் அரிவாளைக் கொடுக்க வேண்டும். மீசையில்லாதவன் கையால் கருப்பர் வாங்க மாட்டார். கொடுக்கிற உரிமை எந்தப் பட்டறைக்கோ, செய்கிற வேலையும் அந்தப் பட்டறைக்கு. முப்பது வருடமாக ஒச்சப்பன் மீசை. அது போனால் பட்டறையும் போச்சு.

அப்படிப்பட்ட மீசையை வைத்துக்கொண்டு ஒருவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? இருக்கவில்லை.

“அவரு வேணாம்னு சொல்லிட்டாருன்னா, இதே கோடாரியால என் மீசையை எடுக்குறேன். கருப்பு சத்தியம்!” என்றான்.

“அடப்பாவி மனுசா” என்று பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

“சாட்சி நீதான்க்கா” என்றான் கூத்தன். பீர்க்கங்காயைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.

ரெண்டு மாசம் முடிந்தது. யோகராசா வந்தார். விசயம் பரவி ஊரே கூடியிருந்தது. கூத்தனும் வந்திருந்தான். யோகராசா கோடாரியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரைக்கும் நடந்தார். திரும்பி நடந்தார். ஆட்டுக்குட்டியைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார்.

“என்ன இது?”

“நீங்க கேட்ட கோடாரிங்க. ஒண்ணும் கூட்டலை, குறைக்கலை. குட்டி மட்டும் அதுவா வந்தது” என்றான் ஒச்சப்பன்.

“வைக்கிங் கோடாலி ஒரு கிலோவும் வராது! ஒரு கையால வீசிறது! இவ்வளவு பெரிசு சினிமாப் படத்துக்காரன்கூட வைக்க மாட்டான். அவையள் கடல் கடந்து போன ஆக்கள். இங்க பாருங்கோ.” போனில் ஒரு கப்பலின் படத்தைக் காட்டினார். “முப்பது பேர் துடுப்பு வலிச்ச கப்பல். இதில உங்கட கோடாலியை ஏத்தினா என்ன நடக்கும்?”

“முழுகிரும்” என்றான் மொக்கையன் உடனே.

“அதுதான்!”

“இந்தக் கப்பலை எங்கேருந்துங்கய்யா எடுத்தாக?”

“மண்ணுக்குள்ள இருந்து.”

மொக்கையன் மற்ற இருவரையும் பார்த்தான். “முழுகியிருக்கு” என்றான்.

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்த ஊர் அப்படி.

யோகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயா, பொறுமையாக் கேளுங்கோ. ஆரும் தூக்கேலாத ஆயுதம் வரலாற்றில இருந்திருக்கேலாது.”

“தூக்கிட்டா இருந்திருக்கும்ங்களா?” என்றான் ஒச்சப்பன். மீசை துடித்தது.

“தூக்குங்கோ பாப்பம்!”

கோபத்தில் சொன்ன சொல். இவர்களிடம் சொல்லலாமா? கண்மாயில் தூர்வாரிக்கொண்டிருந்த ஜேசிபியைத் தவசி ஓடிப்போய்க் கூட்டிவந்தான். சங்கிலி போட்டார்கள். கோடாரி அந்தரத்தில் எழும்பியது. ஊர் கைதட்டியது.

“தூக்கியாச்சுங்க. இருந்திருக்கு” என்றான் ஒச்சப்பன்.

“ஆயிரம் வருசத்துக்கு முந்தி நார்வேயில ஜேசிபி இருந்ததோ?”

நல்ல கேள்வி என்று தவசிக்கே பட்டது. மொக்கையன்தான் தொண்டையைச் செருமினான்.

“ஐயா, கோவிச்சுக்காதீக. இந்தக் கள்ளிநத்தத்துலயே ஒண்ணு இருக்கு. அம்புட்டுப் பெரிய நார்வேல இல்லாமயா போயிருக்கும்?”

யோகராசா ஜேசிபியை ஒருமுறை பார்த்தார். இறக்கி வைத்த கோடாரியின் வாய்மேல், ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ர மாதிரியைத் தாங்கோ. நான் போறன்.”

“அது உலைக்குப் போயிருச்சுங்களே.”

“என்ன? ஒருத்தற்ர கையிலயும் குடுக்காதேங்கோ எண்டு சொன்னன் எல்லோ!”

“சத்தியமாக் கையில குடுக்கலைங்கய்யா” என்றான் ஒச்சப்பன். “குறட்டால பிடிச்சுத்தான் போட்டோம்.”

மனுசன் கொஞ்ச நேரம் ஆட்டுக்குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி, “எனக்கு இது வேண்டாம்” என்றார்.

கூத்தன் சுவரில் இருந்த காகிதத்தை உரித்தான். நேராகப் பிடித்துப் படித்தான். அரை நாளில் அச்சாக ஒரு கோடாரி அடித்துக் கொடுத்தான். யோகராசா தூக்கிப் பார்த்துத் தலையாட்டி, நூறும் அவனிடமே சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். கூத்தனுக்கு விசயம் தெரியும். அதனால் அதில் கதை இல்லை.

கதை இங்கே இருக்கிறது. கூத்தன் திரும்பி வந்து ஒச்சப்பன் முன்னால் கைகட்டி நின்றான்.

“மச்சான், சத்தியம்.”

ஆடிப் படையலுக்குப் பத்தே நாள். பேச்சி தம்பியின் கையைப் பிடித்தாள். “டேய், பட்டறை போயிரும்டா.” “நானாக்கா சத்தியம் பண்ணச் சொன்னேன்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன். அதுக்கு மேல கருப்பர் பொறுக்க மாட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று பேரும் உலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

“இதே கோடாரியாலன்னு சொல்லிட்டேனே” என்றான் ஒச்சப்பன். “வேற எதாலயும் எடுத்தா சத்தியம் செல்லாது.”

ஜேசிபி ஓட்டுகிறவனிடம் போய், கோடாரியைத் தூக்கி மீசைமேல் மெதுவாக இறக்க முடியுமா என்று கேட்டார்கள். “முடியும். மீசையோட மூஞ்சியும் வரும். பரவாயில்லையா?” என்றான் அவன்.

இதைப் பற்றி ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள்.

“சத்தியத்துல மூஞ்சியைப் பத்திப் பேச்சு இருக்காண்ணே?”

“இல்லையே.”

“அப்ப மூஞ்சி வரக் கூடாது. ஒண்ணும் கூட்டக் கூடாதுன்னு அவரு சொன்னாருல்ல” என்றான் மொக்கையன்.

கோடாரி மீசைக்கு வராது, சரி. மீசை கோடாரிக்குப் போகட்டும். ஒச்சப்பன் குப்புறப் படுத்து, கோடாரி வாயில் மேலுதட்டை வைத்துத் தேய்த்தான். செங்கல் கன வாய். ஒரு மயிர் அறவில்லை. மூக்குத்தான் தோலுரிந்தது. ஆட்டுக்குட்டி எழுந்து வந்து அவன் காதை நக்கியது.

மறுநாள் மொக்கையன் பல் விளக்கிக்கொண்டே வந்தான். முகத்தில் ஒரு தெளிவு. அந்தத் தெளிவைப் பார்த்ததும் பேச்சி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அண்ணே, தப்பு கோடாரி மேல இல்ல. மீசை பத்தலை.”

“என்னடா சொல்ற?”

“மாதிரிக் கோடாரிக்கு வாய் ஒரு சாண். உங்க மீசை ஒரு சாண். கணக்கு ஒத்து வந்துச்சா? பெரிய கோடாரிக்கு வாய் ஒரு ஆளு. அப்ப மீசை?”

“ஒரு ஆளு!” என்றான் தவசி.

“சாணுக்கு ஓர் ஆளு. இதுக்கேத்த மீசை செஞ்சு, அதை இந்தக் கோடாரியால வெட்டிட்டா சத்தியம் தீந்துச்சு. உதட்டுல உள்ளது உதட்டுல இருக்கும்.”

ஒச்சப்பன் எழுந்து மொக்கையனைக் கட்டிக்கொண்டான். கண்ணில் நீர். முப்பது வருடப் பட்டறை பிழைத்ததே.

கம்பியில் கூடு கட்டினார்கள். பனந்தும்பு வைத்து மயிர். கறுப்புக்குத் தார். மாதிரி ஒச்சப்பன் உதட்டில் இருந்ததால் ஒச்சப்பனை முக்காலியில் உட்காரவைத்தார்கள். மூன்று நாள். பேசக் கூடாது, தும்மக் கூடாது. மாதிரி அசைந்தால் அளவு மாறும். இரண்டாம் நாள் கஞ்சிச் சூட்டில் அவன் உதட்டைக் குவித்துவிட்டான். ஒரு பக்கம் முழுவதையும் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மீசை முடிந்தது. பட்டறை வாசலில் இரண்டு கம்பம் நட்டு மேலே ஏற்றினார்கள். சும்மா சொல்லக் கூடாது, மீசை மீசையாகத்தான் இருந்தது. இரண்டு முனையும் வானத்தைப் பார்த்தன. காக்காய் ஒன்று உட்கார வந்து, பயந்து போய்விட்டது.

கூத்தன் வந்து பார்த்தான்.

“மச்சான், உலகத்துல எவனுக்கு இப்படி மீசை இருந்திருக்கு?”

“அந்தக் கோடாரியைத் தூக்குனவனுக்கு இருந்திருக்கும்” என்றான் மொக்கையன்.

கூத்தன் வாதாடவில்லை. வாதாடிப் பார்த்தவர் நார்வே போய்ச் சேர்ந்துவிட்டார். “சரி, வெட்டுங்க. பாத்துட்டுப் போறேன்” என்று கல்லில் உட்கார்ந்தான். ஜேசிபி உறுமியது. சங்கிலி இறுகியது.

அப்போதுதான் தவசி கேட்டான். நல்ல கேள்வி.

“அண்ணே, சாமான் முடிஞ்சிருச்சு. மாதிரியை என்ன செய்யுறது?”

எல்லாரும் ஒச்சப்பன் உதட்டைப் பார்த்தார்கள்.

ஒச்சப்பன் கையை உதட்டுக்குக் கொண்டுபோனான். பிறகு இறக்கினான். அவன் முட்டாள்தான். ஆனால் வழக்கம் தவறாத முட்டாள்.

“மாதிரி மிஞ்சினா கருப்பருக்கு ஆகாது” என்றான். “சவரக்கத்தியை எடுத்துட்டு வா.”

“யோவ்! வேணாம்யா!” என்று பேச்சி ஓடிவந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் ஆயிற்று. நாலு இழுப்பு. முப்பது வருடம். தவசி கை நீட்டினான்.

“கையில குடுக்காதீகண்ணே” என்றான் மொக்கையன். “குறட்டால பிடிங்க.”

குறட்டால் பிடித்து உலையில் போட்டார்கள். ஊரெல்லாம் பொசுங்கிய நாற்றம்.

ஒச்சப்பன் வெளியே வந்தான். உரித்த கோழி மாதிரி முகம். அண்ணாந்து பார்த்தான். மேலே மீசை. அதை நோக்கிக் கோடாரி எழும்பிக்கொண்டிருந்தது.

“நிறுத்துறா டேய்!” என்று அலறிக்கொண்டு ஜேசிபிக்கு முன்னால் விழுந்தான். “எனக்குன்னு இருக்குறது அது ஒரு மீசைதாண்டா! அதையும் வெட்டிட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடப்பேன்! மாப்ளே, உன் காலைப் பிடிக்கிறேன், மீசையைக் காப்பாத்து!”

கூத்தன் அந்த வழுவழுத்த உதட்டைப் பார்த்தான். மேலே இருப்பதைப் பார்த்தான். கல்லிலிருந்து கீழே விழுந்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பேச்சி தண்ணீர் கொடுத்துத்தான் எழுந்தான்.

“விட்டுட்டேன் மச்சான். சத்தியத்தை விட்டுட்டேன். மீசையை நீயே வச்சுக்க.”

ஒச்சப்பன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பேச்சியைப் பார்த்து, “பாத்தியாடி? ஒரு மயிரைத் தொட முடியலை அவனால” என்றான்.

படையலுக்கு முந்தின நாள் பூசாரி வந்தார். உதட்டைப் பார்த்தார். “மீசை எங்கடா? மீசையில்லாதவன் கையால சாமி வாங்காதே?”

மொக்கையன் மேலே கையைக் காட்டினான். பூசாரி அண்ணாந்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இருக்கு” என்றார். அவரும் அந்த ஊர்தான்.

ஆடிப் படையலன்று மீசையை நாலு பேர் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் அரிவாளோடு ஒச்சப்பன். கருப்பர் கை நீட்டியபடி நின்றார். கொடுப்பதற்கு முன்னால் மீசையை ஒரு முறுக்கு முறுக்க வேண்டும் அல்லவா? வலது முனைக்கு ஏணி வைத்து ஏறி முறுக்கினான். இறங்கி, ஏணியை மாற்றி, இடது முனையில் ஏறி முறுக்கினான். அதற்குள் வெயிலில் தார் இளகி வலது முனை தொங்கிவிட்டது. இறங்கி வலது பக்கம் போனான். இடது தொங்கிவிட்டது.

“அண்ணே, ஒரு பக்கத்தை நான் முறுக்கட்டுமா?” என்று தவசி கேட்டான்.

“அடுத்தவன் மீசையில கை வைக்கிறதா? வெக்கமா இல்ல?” என்றான் மொக்கையன்.

தவசி வெட்கப்பட்டான்.

இப்போது புரட்டாசி. ஒச்சப்பன் வலது ஏணியில் இருக்கிறான். கருப்பர் இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.